மோனோ ஸ்கீயிலிருந்து முதல் ரேஸ் வரை: இளம் மாற்றுத்திறனாளி வீரர்களுக்கான பாரா பனிச்சறுக்கு வழிகாட்டி

பாரா பனிச்சறுக்கு என்றதும் எல்லோரும் துணிச்சலைப் பற்றித்தான் பேசுவார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும் வேகம், ஒற்றைக் காலில் இறக்கம், கண் தெரியாமல் மலைச்சரிவு. துணிச்சல் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளை இந்த விளையாட்டில் நிலைக்கிறதா, இரண்டாம் வருடமே விட்டுவிடுகிறதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பொருத்தம். இருக்கை இடுப்போடு பொருந்த வேண்டும். கண் தெரியாதவருக்கு முன்னால் சறுக்கிப் போகும் வழிகாட்டியின் குரல் காதோடு பொருந்த வேண்டும். போட்டி வகுப்பு உடம்பின் உண்மையான நிலையோடு பொருந்த வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் எவ்வளவு தைரியசாலிக்கும் முன்னேற்றம் நின்றுவிடும்.

இந்த வழிகாட்டி ஆல்பைன் எனப்படும் மலையிறக்கப் பனிச்சறுக்குக்கானது. சமவெளியில் நீண்ட தூரம் போகும் நார்டிக் வகை வேறு உலகம். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

படி 1: எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள்?

பாரா ஆல்பைனில் மூன்று பிரிவுகள் உண்டு: நின்று சறுக்குபவர்கள், உட்கார்ந்து சறுக்குபவர்கள், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள். பதக்கங்கள் இந்த மூன்றுக்கும் தனித்தனி.

முழங்காலுக்கு மேல் ஒரு கால் இல்லாதவர் பெரும்பாலும் செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரே ஸ்கீயில் நின்று, இரண்டு கைகளிலும் அவுட்ரிகர் பிடித்துச் சறுக்குவார். அவுட்ரிகர் என்பது முன்கையில் மாட்டும் ஊன்றுகோலின் நுனியில் சின்ன ஸ்கீயைப் பொருத்தியது. முழங்காலுக்குக் கீழே இல்லாதவர் செயற்கைக் காலோடு இரண்டு ஸ்கீயிலும் போகலாம். கையில் குறை உள்ளவர்கள் கம்பு ஒன்றோடோ கம்பே இல்லாமலோ போவார்கள். தண்டுவடக் காயம், இரண்டு கால்களும் இல்லாத நிலை, கால்களை அதிகம் பாதித்த பெருமூளை வாதம் போன்றவற்றுக்கு உட்காரும் பிரிவு.

சிலருக்கு இரண்டு வாசலும் திறந்திருக்கும். இரண்டு கால்களும் இல்லாதவர்களில் சிலர் செயற்கைக் கால்களோடு நிற்பார்கள், சிலர் உட்கார்வார்கள். பெற்றோருக்குப் பிள்ளை நின்றால்தான் மனம் நிறையும், அது இயல்பு. ஆனாலும் இரண்டையும் ஒரு வாரமாவது முயன்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எதில் வலி குறைவு, எதில் சாயங்காலம் வரை தெம்பு இருக்கிறது என்று பாருங்கள்.

அறிவுத்திறன் குறைபாடு மட்டும் உள்ளவர்களுக்குப் பாராலிம்பிக் ஆல்பைனில் பிரிவு இல்லை. அவர்களுக்கு ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ், விர்டஸ் ஆகிய அமைப்புகளின் போட்டிகள் இருக்கின்றன. முதலிலேயே தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

படி 2: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

'விளையாடலாமா?' என்று கேட்டால் பல மருத்துவர்கள் 'பார்த்து விளையாடுங்கள்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கேள்வியைத் தீட்டிக்கொண்டு போங்கள்.

தண்டுவடக் காயம் உள்ள பிள்ளைக்கு மூன்று விஷயம் முக்கியம். ஒன்று, தோல். உணர்வில்லாத இடத்தில் அழுத்தம் ஏற்பட்டால் புண் வரும் வரை தெரியாது. ஆற வாரக்கணக்கில் ஆகலாம், அதோடு அந்த சீசனே போய்விடும். இரண்டு, குளிர். கால் விரல் உறைவது பிள்ளைக்கே தெரியாது என்பதால் அதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மணிக்கொரு முறை உள்ளே வந்து, பூட்ஸைக் கழற்றி, விரலின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்தோ மரத்துப்போய்க் கெட்டியாகவோ இருந்தால் அன்றைய சறுக்கு முடிந்தது. தேய்க்கக் கூடாது, ஹீட்டருக்கு நேரே காலை நீட்டவும் கூடாது. உணர்வில்லாத கால் சுட்டாலும் தெரியாது.

மூன்றாவதை எல்லாப் பெற்றோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். காயம் டி6 (மார்புப் பகுதி முதுகெலும்புகளில் ஆறாவது) அளவிலோ அதற்கு மேலோ இருந்தால், நிறைந்த சிறுநீர்ப்பை, சிறுநீரை வடிக்கும் கதீட்டர் குழாய் மடங்குவது, அளவுக்கு மேல் இறுக்கிய பட்டை என எதுவும் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடலாம். மண்டை வெடிப்பது போலத் தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே வியர்வை ஆகியவை அறிகுறி. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, பட்டைகளைத் தளர்த்தி, சிறுநீர் வெளியேற வழி செய்து, மருத்துவ உதவி கூப்பிட வேண்டும். கோச்சுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கால் அல்லது கை நீக்கப்பட்டவர்களுக்கு, மிஞ்சிய பகுதி நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. காலையில் சரியாக இருந்த சாக்கெட் (செயற்கை உறுப்பில் அந்தப் பகுதி நுழையும் குழி) மதியம் தளர்ந்துவிடலாம், இல்லை கவ்வலாம். பையில் வெவ்வேறு தடிமனில் உறைகள் இருக்கட்டும்.

படி 3: பனியில் முதல் நாட்கள்

தகவமைப்புப் பனிச்சறுக்கு சொல்லித்தரும் மையங்களைத் தேடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளும் அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் அங்கேதான் இருப்பார்கள். இது புதிய ஏற்பாடும் இல்லை. இரண்டாம் உலகப்போரில் காலிழந்த சிப்பாய்கள் ஊன்றுகோலில் ஸ்கீயைக் கட்டிச் சறுக்கிப் பார்த்ததிலிருந்து தொடங்குகிறது இந்த விளையாட்டின் கதை. அமெரிக்காவின் கொலராடோவில் வின்டர் பார்க் மையம் 1970இல் கை, கால் இழந்த 23 குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத் தொடங்கியது. முதல் குளிர்காலப் பாராலிம்பிக்ஸ் 1976இல் சுவீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் நகரில் நடந்தது. அதில் உட்கார்ந்து சறுக்குபவர்களுக்கு இடமே இல்லை. அவர்கள் உள்ளே வந்தது 1988 இன்ஸ்ப்ரூக்கில்.

பக்கத்தில் மலை இல்லாவிட்டால் உள்ளரங்கப் பனிக்கூடமோ, பிளாஸ்டிக் தூரிகை விரித்த செயற்கைச் சரிவோ தொடக்கத்துக்குப் போதும். செயற்கைச் சரிவில் விழுந்தால் தோல் உரியும் என்பதால் நீளக் கை சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் கருவி எல்லாம் வாடகைதான். எதையும் வாங்காதீர்கள். உடல் கட்டுப்பாடு குறைவாக உள்ள பிள்ளைக்கு பை ஸ்கீ கொடுப்பார்கள்: இருக்கைக்குக் கீழே இரண்டு ஸ்கீ, பின்னால் ஆசிரியர் பிடித்துக்கொள்ளும் வார். அதில் கொஞ்ச நாள் ஓடிய பிறகு பலர் ஒற்றை ஸ்கீ கொண்ட மோனோ ஸ்கீக்கு மாறுவார்கள். பை ஸ்கீயிலேயே சந்தோஷமாக இருப்பவர்களும் உண்டு. ஆனால் ரேஸ் பாதையில் நீங்கள் பார்க்கப்போவது மோனோ ஸ்கீயைத்தான்.

படி 4: இருக்கை

இந்த ஒரு படிக்காக நான் கொஞ்சம் அதிகமாகவே மல்லுக்கட்டுவேன்.

மோனோ ஸ்கீயில் நான்கு பகுதிகள்: உடம்பைக் கவ்வும் வாளி போன்ற இருக்கை, அதைத் தாங்கும் சட்டகம், அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பர், கீழே ஒரு ஸ்கீ. சட்டகத்தின் அடியில் ஸ்கீ பூட்ஸின் அடிப்பாகம் போல ஒரு துண்டு இருக்கும். அது சாதாரண ஸ்கீயின் பைண்டிங்கில், அதாவது பூட்ஸைக் கவ்விப் பிடிக்கும் பூட்டில், 'டக்' என்று உட்காரும். அதாவது ஸ்கீ எல்லோரும் வாங்கும் அதே ஸ்கீதான், மேலே இருப்பதுதான் வேறு.

நின்று சறுக்குபவர் கணுக்காலையும் முழங்காலையும் மடக்கி ஸ்கீயின் விளிம்பைப் பனியில் அழுத்துகிறார். உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வேலையை இடுப்புதான் செய்ய வேண்டும். இடுப்புக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தாலும், பிள்ளை சாயும்போது முதலில் உடம்பு இருக்கைக்குள் நகரும். அப்புறம்தான் இருக்கை நகரும், ஸ்கீ கடைசியில். அந்தத் தாமதத்தை அவுட்ரிகரைப் பலமாக ஊன்றிச் சமாளிக்கக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பின்னால் கழற்றுவது பெரும்பாடு. 'கை வலுவாக இருக்கிறது, நன்றாகத் திருப்புகிறான்' என்று பக்கத்தில் நிற்பவர்கள் பாராட்டிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் இருக்கை தொளதொள என்றிருக்கும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று. தரையில் மோனோ ஸ்கீயை நிறுத்தி, பட்டைகளை எல்லாம் கட்டி, ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ளட்டும். பிள்ளை கையை மார்போடு கட்டிக்கொண்டு இடதும் வலதுமாகச் சாயட்டும். நீங்கள் பின்னால் குந்தி ஸ்கீயின் விளிம்பை மட்டும் பாருங்கள். தோள் சாய்ந்த உடனே விளிம்பும் சாய்கிறதா? தோள் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு குலுக்கலோடு சாய்கிறதா? குலுக்கல் தெரிந்தால் இடுப்பின் பக்கவாட்டில் அடைப்பு வைக்க வேண்டும். வயிற்றுத் தசை வேலை செய்யாத பிள்ளைக்கு முதுகுப் பலகை உயரமாக வேண்டும். வயிற்றுத் தசை இருப்பவருக்கு அதே உயரம் அசைவைக் கட்டிப்போடும்.

இறுக்கம் வேண்டும் என்பதற்காகத் தோலை மறந்துவிடக் கூடாது. புது இருக்கையில் முதல் நாள் இருபது நிமிடம்தான். எழுப்பி, உட்காரும் எலும்பு, வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தில் மெத்தையை மாற்றாமல் திரும்ப உட்கார வேண்டாம். மறைந்தால் அடுத்த முறை நாற்பது நிமிடம். வளரும் பிள்ளை என்பதால் ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் இதையெல்லாம் முதலிலிருந்து பார்க்க வேண்டும். பெரியவரின் பழைய இருக்கையைத் துணி வைத்து அடைத்துக் கொடுப்பது ஒரு வாரத்துக்குத் தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

ஷாக் அப்சார்பரைப் பிள்ளையின் எடைக்கு ஏற்பச் சரிசெய்யாமல் விட்டால், ஒவ்வொரு மேட்டிலும் தூக்கிப் போடும். அதைக் கருவி தெரிந்த டெக்னீஷியனிடம் விடுங்கள். முதல் ஸ்கீ குட்டையாகவும் சின்ன வளைவில் திரும்பக்கூடியதாகவும் இருக்கட்டும். சட்டகம் வாங்கும்போது பழையது கிடைத்தால் தயங்காமல் பாருங்கள். வெல்டிங் இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் சோதித்துவிடுங்கள்.

படி 5: விழுவதும், லிஃப்டில் ஏறுவதும்

விழுந்தால் எழ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதை முதல் வாரத்திலேயே தனியாகச் செய்யக் கற்றுக்கொண்டால்தான் பிள்ளைக்கு மலை சொந்தமாகும். ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்கே, உடம்புக்குக் கீழ்ப்பக்கமாக வரும்படி உருண்டு கொள்ள வேண்டும். மேல்பக்கக் கையின் அவுட்ரிகரை இடுப்பருகே ஊன்றி, விளிம்பு பனியைக் கடித்ததும் ஒரே தள்ளு. செங்குத்தான சரிவில் எழுவது சுலபம், சமதளத்தில் கஷ்டம். புதியவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

சேர் லிஃப்ட் வேறு கதை. வரிசையில் மோனோ ஸ்கீயோடு காத்திருக்கும் ஒரு சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். அவுட்ரிகரின் கயிற்றை இழுத்து, சின்ன ஸ்கீயை மேலே மடக்கி, அதை ஊன்றுகோலாக்கிக்கொள்கிறாள். முன்னால் போன நாற்காலி கடந்ததும் நான்கு தள்ளில் கோட்டுக்கு வந்துவிட வேண்டும். நெம்புகோலைத் தட்டி, உடம்பை முன்னால் சாய்க்க, இருக்கை சட்டகத்திலிருந்து மேலே எழும்புகிறது. பின்னால் நாற்காலி வருகிற சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்க்கத் தோன்றும், பார்க்கக் கூடாது. பக்கத்தில் ஆசிரியர் 'இப்போ' என்றதும் இரண்டு அவுட்ரிகரையும் அழுத்தி உடம்பை ஒரு சாண் தூக்க, நாற்காலி அடியில் நுழைந்து ஏந்திக்கொள்கிறது. ஏறியதும் பாதுகாப்பு வாரை நாற்காலியில் மாட்டுகிறார்கள். ஒரு நொடி பிந்தினால் லிஃப்ட் நிற்கும், வரிசை முழுக்க இவளைப் பார்க்கும். முதல் பத்து முறையில் நான்கைந்து முறையாவது இப்படி நடக்கும்.

லிஃப்ட் இயக்குபவரிடம் முன்கூட்டியே போய் 'மெதுவாக விடுங்கள்' என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது அவருடைய வேலை. லிஃப்ட் பழுதாகி நடுவானில் நின்றால் மோனோ ஸ்கீயோடு கயிற்றில் இறக்குவதற்கான வார் இருக்கையில் இருக்கிறதா என்றும் ஒரு முறை கேட்டு வையுங்கள்.

படி 6: கண்ணுக்குப் பதில் ஒரு குரல்

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கருவிப் பிரச்சினை குறைவு, மனிதப் பிரச்சினை அதிகம். வழிகாட்டி முன்னால் பளிச்சென்ற மேலாடையோடு போவார். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ப்ளூடூத் கருவி வழியாக இருவரும் பேசிக்கொள்வார்கள். ஓரளவு பார்வை உள்ளவர் அந்த நிறத்தைத் துரத்துவார். அறவே தெரியாதவருக்குக் குரல் மட்டும்தான். அவர்கள் போட்டியில் வெளிச்சம் புகாத கண்ணாடி அணிய வேண்டும். சிலர் வழிகாட்டியின் முதுகில் ஒலிபெருக்கி கட்டி அந்தச் சத்தத்தின் திசையைப் பின்பற்றுவதும் உண்டு.

வழிகாட்டி வீரரைவிட வேகமாகச் சறுக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பாதி நேரம் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தபடியே போக வேண்டியிருக்கும். இன்று அப்பா வழிகாட்டலாம். பிள்ளை பதினைந்து வயதில் அவரைத் தாண்டிவிடும், அப்போது வேறு ஆள் வேண்டும். ஆஸ்திரியாவின் வெரோனிகா ஐக்னருக்கு அக்கா எலிசபெத் வழிகாட்டினார். இருவரும் 2022 பெய்ஜிங்கில் தங்கம் வென்றார்கள். வழிகாட்டிக்கும் பதக்கம் உண்டு.

சொற்களை முதலில் தரையில் முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு கட்டளையும் ஓரிரு அசைக்குள் முடிய வேண்டும், ஒன்றுபோல் ஒலிக்கக் கூடாது. 'இடது', 'வலது' இரண்டும் காற்றிரைச்சலில் 'து' என்றுதான் கேட்கும். 'லெஃப்ட்', 'ரைட்' தேவலாம். திருப்பத்துக்கு முன் 'அண்ட்' என்று நீட்டிச் சொல்லித் தயார்படுத்தி, திரும்ப வேண்டிய நொடியில் திசையைச் சொல்வது பலருக்கு ஒத்துவருகிறது. 'நில்' என்பதற்கு ஒரே அர்த்தம்தான்: உடனே நிற்க வேண்டும், காரணம் அப்புறம்.

வீரரும் பேச வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வழிகாட்டிக்குப் பின்னால் கண் இல்லை. 'சரி', 'தூரம்', 'வேகம்' என்று வீரரின் குரல் வந்துகொண்டே இருந்தால்தான் இடைவெளி சரியாக இருக்கும். மூன்று நொடி குரல் கேட்காவிட்டால் இருவரும் நிற்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி குளிரில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

படி 7: முதலில் மலை, அப்புறம் கேட்

ரேஸில் நட்டிருக்கும் கம்பங்களுக்குக் கேட் என்று பெயர். அதைப் பார்த்ததும் பிள்ளைக்குக் கை துறுதுறுக்கும். அவசரப்படாதீர்கள். சிவப்புப் பலகை வைத்த நடுத்தரக் கடினச் சரிவில், கெட்டிப் பனியிலும் குழைந்த பனியிலும் வெளிச்சம் மங்கிய மதியத்திலும், ஒரே மாதிரி வட்டமான திருப்பங்களை நாள் முழுக்கப் போட முடிகிறதா? போட முடிந்தால் கேட் பக்கம் போகலாம். இல்லையென்றால் கேட் கெட்ட பழக்கத்தைத்தான் உறுதிப்படுத்தும்.

தொடங்கும்போது முழங்கால் உயரக் குட்டைக் கம்பங்கள் போதும். அடித்தாலும் வலிக்காது. திருப்பத்தைக் கேட்டுக்கு மேலேயே தொடங்கி, கேட்டைத் தாண்டும்போது பாதித் திருப்பம் முடிந்திருக்க வேண்டும். கேட்டைப் பார்த்துக்கொண்டே போனால் கேட்டில்தான் முட்டுவீர்கள், கண் அடுத்ததற்கு அடுத்ததில் இருக்கட்டும். நீளக் கம்பங்களுக்குப் போகும் நாளில் முகக்கவசம், முன்கைக் கவசம், முதுகுக் கவசம் எல்லாம் வந்துவிட வேண்டும்.

போட்டி வகைகள் ஐந்து. ஸ்லாலம் நெருக்கமான திருப்பங்கள் கொண்டது, ஜயன்ட் ஸ்லாலம் கொஞ்சம் அகலமானது. இவை இரண்டும் இரண்டு ஓட்டம். சூப்பர் ஜி, டவுன்ஹில் இரண்டும் வேகப் போட்டிகள், ஒரே ஓட்டம். வேகப் போட்டி ஒன்றும் ஸ்லாலமும் சேர்ந்தது கம்பைண்ட். இளம் வீரர்கள் முதல் இரண்டில் சில வருடங்கள் ஊற வேண்டும். டவுன்ஹில் கேட்டு அடம் பிடித்தால் கோச் சொல்வதைக் கேளுங்கள், பிள்ளை சொல்வதை அல்ல.

பனி இல்லாத மாதங்களில் உடற்பயிற்சி. சக்கர நாற்காலி தள்ளும் தோள் ஏற்கெனவே நாள் முழுக்க உழைக்கிறது. அதற்கு மேலும் நெஞ்சுப் பயிற்சியை ஏற்றாமல், தோள்பட்டையைப் பின்னால் இழுக்கும் பயிற்சிகளைக் கூட்டுங்கள். ஒற்றைக் காலில் நிற்பவருக்கு அந்த ஒரு முழங்கால்தான் சொத்து. இயந்திரத்தில் பாரம் ஏற்றுவதைவிட, ஒற்றைக் காலில் மெதுவாக உட்கார்ந்து எழுவதைச் சுத்தமாகச் செய்யட்டும். வசதியுள்ள அணிகள் கோடையில் ஹின்டர்டக்ஸ் போன்ற ஆஸ்திரியப் பனியாறுகளுக்கோ, அப்போது குளிர்காலமாக இருக்கும் நியூசிலாந்து, சிலிப் பக்கமோ போகும். முதல் இரண்டு வருடம் அது இல்லாமலே காலம் தள்ளலாம்.

தலையில் அடிபட்டால் அன்றைய நாள் முடிந்தது. 'ஒன்றுமில்லை' என்று பிள்ளை சொன்னாலும் முடிந்தது.

படி 8: வகைப்பாடு

பிள்ளை எந்தப் போட்டி வகுப்பில் ஓடும் என்று முடிவு செய்வதுதான் வகைப்பாடு. பலர் பயப்படுவது இதற்குத்தான். பயத்துக்குக் காரணம், இதைத் தேர்வு என்று நினைத்துக்கொள்வது.

நின்று சறுக்குபவர்களுக்கு எல்டபிள்யூ1 முதல் எல்டபிள்யூ9 வரை, உட்கார்பவர்களுக்கு எல்டபிள்யூ10 முதல் 12 வரை வகுப்புகள். முழங்காலுக்கு மேல் ஒரு கால் இல்லாதவர் எல்டபிள்யூ2, முழங்காலுக்குக் கீழே என்றால் எல்டபிள்யூ4. உட்கார்பவர்களில் உடற்பகுதியைத் தாங்கும் தசை மிகக் குறைவாக உள்ளவர் 10, நன்றாக உள்ளவர் 12. முதலில் உங்கள் நாட்டுச் சங்கத்தில் உள்நாட்டு வகைப்பாடு நடக்கும். பிறகு சர்வதேசப் போட்டி ஒன்றுக்கு முந்தைய நாட்களில் சர்வதேசக் குழு பார்க்கும். அதற்கு இடங்கள் குறைவு, முன்கூட்டியே பதிய வேண்டும்.

அறைக்குள் மருத்துவம் தெரிந்தவர் ஒருவரும் விளையாட்டு நுட்பம் தெரிந்தவர் ஒருவரும் இருப்பார்கள். மருத்துவ ஆவணங்களைப் பார்ப்பார்கள். தசை வலு, மூட்டசைவு, சமநிலை என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். உட்கார்பவரிடம் கையை ஊன்றாமல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்ந்து நிமிரச் சொல்வார்கள். அப்புறம் சரிவிலும் பார்ப்பார்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பார்வைத் திறன், பார்வைப் புலம் இரண்டுக்குமான சமீபத்திய கண் மருத்துவ அறிக்கைகளோடு போக வேண்டும்.

பிள்ளைக்கு ஒன்றே ஒன்று சொல்லி அனுப்புங்கள்: முடிந்ததை முழுதாகச் செய். முடியாததை முடியாது என்று சொல். வேண்டுமென்றே குறைத்துக் காட்டுவது பெரிய குற்றம், தடை விழும். வளரும் உடம்பிலும் மாறிவரும் நோய்களிலும் வகுப்பு திரும்பப் பார்க்கப்படும், ஆகையால் முதல் முறை கிடைக்கும் எண்ணோடு ரொம்ப ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

வெவ்வேறு வகுப்பினர் ஒரே பிரிவில் மோதுவது எப்படி நியாயமாகும்? ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு விகித எண் உண்டு. ஓடிய நேரத்தை அதால் பெருக்கி வருவதுதான் கணக்கு. விளங்குவதற்காக நானே எடுத்த எண்கள் இவை: 60 நொடியில் இறங்கியவரின் விகிதம் 0.80 என்றால் கணக்கு 48 நொடி. 52 நொடியில் இறங்கியவரின் விகிதம் 0.95 என்றால் 49.4. முதலாமவர்தான் வென்றார். 2006 டூரின் முதல் பாராலிம்பிக்கில் மூன்றே பிரிவுகள் என்று சுருக்கியதால் இந்தக் கணக்கு இன்றியமையாததாகிவிட்டது. அடிவாரத்தில் நிற்கும் உறவினர்களுக்கு இதை முன்பே விளக்கிவிடுங்கள். இல்லையென்றால் 'முன்னாடி வந்தவன் எப்படித் தோத்தான்?' என்று சாயங்காலம் வரை கேட்பார்கள்.

படி 9: உரிமமும் மருந்துப் பட்டியலும்

பாரா ஆல்பைனின் நிர்வாகம் 2022இல் சர்வதேசப் பாராலிம்பிக் குழுவிடமிருந்து ஃபிஸ் எனப்படும் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்புக்கு மாறியது. பழைய படிவங்களை நம்ப வேண்டாம். வீரர் உரிமம் உங்கள் நாட்டுப் பனிச்சறுக்குச் சங்கம் வழியாகத்தான் கிடைக்கும்.

பிள்ளை தினமும் சாப்பிடும் மருந்து எதுவானாலும் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வலி, வலிப்பு, ரத்த அழுத்தம், ஆஸ்துமா எதற்கானதாக இருந்தாலும் சரி. தடை இருந்து, அந்த மருந்து தேவையும் என்றால், சிகிச்சைக்கான விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவர் கொடுத்தார் என்பது மட்டும் பதிலாகாது.

படி 10: முதல் ரேஸ்

கிளப் அளவிலான போட்டியில் தொடங்குங்கள். மாற்றுத்திறன் இல்லாத பிள்ளைகளோடு ஓடினாலும் பரவாயில்லை, கேட் எல்லோருக்கும் ஒன்றுதான். அதன் பிறகு தேசியப் போட்டி, பிறகு ஃபிஸ் பாரா போட்டிகள், ஐரோப்பியக் கோப்பை போன்ற கண்ட அளவிலானவை, உலகக் கோப்பை, இரண்டு வருடத்துக்கொரு முறை உலகச் சாம்பியன்ஷிப் என ஏணி போகிறது. 2023இல் அது ஸ்பெயினின் எஸ்போட்டிலும், 2025இல் ஸ்லோவேனியாவின் மாரிபோரிலும் நடந்தது. ஒவ்வொரு போட்டியிலும் புள்ளிகள் கிடைக்கும். இதில் புள்ளி குறையக் குறையத்தான் நல்லது.

எவ்வளவு காலம் ஆகும்? ஒவ்வொருவருக்கும் வேறு. ஆஸ்திரியாவின் யோஹான்னெஸ் ஐக்னர் 16 வயதில் பெய்ஜிங் பாராலிம்பிக்கில் ஐந்து பதக்கம் வாங்கினார். ஜப்பானின் மோமோகா முரவோகா 2014 சோச்சியில் 17 வயதில் உட்காரும் பிரிவில் கலந்துகொண்டு பதக்கம் இல்லாமல் திரும்பினார். 2018 பியோங்சாங்கில் ஓடிய ஐந்து போட்டியிலும் பதக்கம். நடுவில் நான்கு குளிர்காலம்.

போட்டிக் காலையில் முதலில் பாதையைப் பார்வையிடுதல். கேட்டுகளின் ஓரமாகச் சறுக்கி இறங்கியபடி மனப்பாடம் செய்ய வேண்டும். எல்லாக் கேட்டும் மனதில் நிற்காது. மூன்று இடங்களைப் பிடித்தால் போதும்: தாளம் மாறுகிற இடம், சரிவு சட்டென்று விழும் இடம், கடைசி நான்கு கேட். பார்வைக் குறைபாடு உள்ளவரும் வழிகாட்டியும் சேர்ந்து இறங்கி, அந்த இடங்களுக்குச் சொல்லப்போகும் சொல்லை அங்கேயே நின்று சொல்லிப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் பார்வைக் குறைபாடு பிரிவு முதலில் ஓடும், அப்புறம் நிற்பவர்கள், கடைசியில் உட்கார்பவர்கள். மோனோ ஸ்கீ வீரரின் முறை வரும்போது பாதை உழுத வயல் போல வரிவரியாகக் குழிந்திருக்கும். பயிற்சியிலும் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அந்தக் குழிந்த பாதையில் இரண்டு ஓட்டம் ஓடிப் பழகியவருக்கு இது அதிர்ச்சி தராது. குழிக்குள் சறுக்கிப் போகாமல், அதன் வெளிச்சுவரில் விளிம்பை வைத்துத் திரும்பச் சொல்லுங்கள்.

தொடக்க வாசலுக்குப் போவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். வரிசை நீளும், குளிரில் மணிக்கணக்கில் காக்க நேரும். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது தவறு. முறை வர ஐந்து பேர் இருக்கும்போது மேல் கோட்டைக் கழற்றி, பட்டைகளை மேலிருந்து கீழாக ஒரு முறை இழுத்துப் பாருங்கள். மோனோ ஸ்கீ வழுக்காமல் கோச் பிடித்துக்கொள்ளலாம், தள்ளிவிடக் கூடாது.

முதல் ரேஸில் பலர் பாதியில் கேட்டைத் தவறவிடுவார்கள். தவறவிட்டால் பாதையை விட்டு ஓரமாக விலகி, பின்னால் வருபவருக்கு வழி விட்டு, மெதுவாகக் கீழே இறங்கி வர வேண்டும். அறைக்கு வந்ததும் முதல் வேலை, நனைந்த இருக்கை மெத்தையையும் செயற்கைக் காலின் உறையையும் வெளியே எடுத்து உலர வைப்பது. தோலைப் பார்ப்பது இரண்டாவது. அந்த ஓட்டத்தின் வீடியோவை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.